இக்கரை சொல்லுது

ஆற்றின் இரண்டு கரையிலும் இரண்டு மடங்கள் இருந்தன. இரண்டிலும் விளக்கேற்றும் நேரம் ஒன்றுதான், பாடும் பாட்டும் ஒன்றுதான். நடுவில் தண்ணீர் ஓடியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வருடத்துக்கு ஒருமுறை, தைப்பூசம் முடிந்த மறுநாள், இரண்டு மடங்களும் சதுரங்கம் ஆடத் தொடங்கும். அங்கே ஒரு பலகை, இங்கே ஒரு பலகை. ஒரு நாளைக்கு ஒரு மடம் ஒரு காய்தான் நகர்த்தும். காலையில் இக்கரையின் நகர்வு பரிசலில் போகும். மாலையில் அக்கரையின் பதில் அதே பரிசலில் திரும்பும்.

எழுதி அனுப்புகிற பழக்கம் இல்லை. வாய்ச்சொல்தான். போகிறவர் அங்கே நின்று, "இக்கரை சொல்லுது" என்று ஆரம்பிக்க வேண்டும். திரும்பி வந்து, "அக்கரை சொல்லுது" என்று ஆரம்பிக்க வேண்டும். ஆட்டம் முடிகிற வரை வேறு யாரும் ஆற்றைக் கடக்கக் கூடாது.

தோற்ற மடத்தின் தலைவர் ஜெயித்த மடத்துக்குப் போய், ஒரு வருடம் தண்ணீர் இறைத்து விறகு பிளக்க வேண்டும். இப்படி ஒரு வழக்கத்தை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மூன்று வருடம் முன்பு அக்கரைச் சாமி இங்கே வந்து விறகு பிளந்தார். பிளந்த விறகில் பாதி பச்சை என்று மரகதம் இன்னமும் சொல்லிக் காட்டுவாள்.

இக்கரையின் தலைவி நாகம்மை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அம்மாதான். அந்த வருடம் அம்மாவுக்கு இளைப்பு அதிகமாக இருந்தது. அக்கரையோ திறந்த வெளி. மாசி வரை பனி இறங்கும் இடம்.

இக்கரைக்காக ஆடியவர்கள் நான்கு பேர். மடப்பள்ளியில் சமைக்கும் மரகதம். தோட்டம் பார்க்கும் பெரியண்ணன். காலையும் மாலையும் பாடும் ஓதுவார், அவருக்குக் கண் தெரியாது, காய்களைத் தடவித்தான் பார்ப்பார். நான்காவது ஆள் அங்கமுத்து. முப்பது வருடம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அம்மாவைத் தேடி வந்தவர். அம்மாவைவிடப் பதினான்கு வயது மூத்தவர். ஒரு கடிதத்தைக்கூட வீடு மாற்றிக் கொடுத்ததில்லை என்ற பெருமை அவருக்கு உண்டு. அதனால் பரிசலும் செய்தியும் அவர் பொறுப்பில் இருந்தன.

காயை எங்கே நகர்த்துவது என்று முடிவு செய்ய, ஆளுக்கு ஒரு புளியங்கொட்டையை அந்தக் கட்டத்தில் வைப்பார்கள். எங்கே கொட்டை அதிகமோ, அங்கேதான் காய் போகும்.

ஆட்டத்தின் பதினோராம் நாள் காலை. பலகையில் அக்கரையின் யானை ஒன்று காவல் இல்லாமல் நின்றது.

"குதிரை பாய்ஞ்சா யானை நமக்கு. சும்மா கிடைக்குது" என்றார் அங்கமுத்து.

"சும்மா கிடைக்கறதுன்னாலே எனக்கு உதறுது. மரத்தடியில தானா கிடக்கற கொய்யா, எடுத்துப் பாத்தா பாதி வௌவால் கடிச்சதா இருக்கும்" என்றார் பெரியண்ணன்.

மரகதம் ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம ராஜாவைப் பாருங்க. பின்னாடி சுவர். முன்னாடி மூணு சிப்பாய் நெருக்கிட்டு நிக்கறாங்க. ஒரு ஜன்னல்கூட இல்ல. இந்த மடப்பள்ளிக்கு ஜன்னல் வைக்கறதுக்கு முன்னாடி நான் குடிச்ச புகை எனக்குத்தான் தெரியும். முன்னாடி நிக்கற சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுங்க. மனுஷன் மூச்சு விடட்டும்."

"யானையை விட்டுட்டு ஜன்னல் வைக்கறதா? மரகதம், இது சண்டை. சமையல் இல்ல" என்றார் அங்கமுத்து.

"ரெண்டுலயும் நெருப்பு இருக்கு, அண்ணா."

அங்கமுத்து மூன்று தரம் விளக்கிச் சொன்னார். ஓதுவார் ராஜாவைச் சுற்றி விரலால் தடவினார். பிறகு தன் கொட்டையைச் சிப்பாய்க்கு முன்னால் வைத்தார். பெரியண்ணனும் அங்கேயே வைத்தார்.

மூன்றுக்கு ஒன்று.

அங்கமுத்து நேராக அம்மாவிடம் போனார். அம்மா முற்றத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு கேள்வி."

"உட்காருங்க, தபால்காரரே."

"நாலு பேர்ல ஒருத்தனுக்குத்தான் வழி தெரியுதுன்னா, மத்த மூணு பேருக்காக அவனும் கண்ணை மூடிக்கணுமா?"

அம்மா முறத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "நான் பாத்து முடிச்சது. இதுல கல் இருக்கா பாருங்க."

அவர் பார்த்தார். "இருக்கு. ரெண்டு."

"எனக்குத் தெரியல. எடுத்துடுங்க."

அவர் எடுத்துப் போட்டார். அம்மா முறத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்து, இன்னும் ஒரு கல்லை எடுத்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். இருமல் வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினாள்.

அங்கமுத்துவுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. இந்த இருமலோடு அக்கரைப் பனியா? விடமாட்டேன் என்று எழுந்தார்.

அக்கரையில் சாமி பலகைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இக்கரை சொல்லுது" என்று ஆரம்பித்தார் அங்கமுத்து. குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. "குதிரை பாஞ்சு யானையை வெட்டுது."

சாமி புருவத்தை உயர்த்தினார். யானையை எடுத்துப் பலகைக்கு வெளியே வைத்தார். குதிரையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாலையில், மிச்சமிருந்த இன்னொரு யானையைத் திறந்த வரிசைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

திரும்பும்போதுதான் அங்கமுத்துவுக்கு உறைத்தது. இக்கரைப் பலகையில் குதிரை பாயவே இல்லை. சிப்பாய்தான் நகர்ந்திருக்கிறது. அங்கே வெட்டுப்பட்ட யானை இங்கே உயிரோடு நிற்கிறது. சாமியின் பதிலை இங்கே சொன்னால் பொருந்தாது.

ஆற்றின் நடுவில் ஒரு பாறைத் திட்டு உண்டு. பரிசலை அங்கே ஒதுக்கினார். மணலில் கட்டம் போட்டு, கூழாங்கற்களை வைத்து இக்கரை ஆட்டத்தைப் பரப்பினார். தானே அக்கரையாக இருந்து யோசித்தார். அந்த யானையைப் பத்திரமான இடத்துக்கு நகர்த்தினார்.

விளக்கேற்றும் முன் வந்து சேர்ந்தார். "அக்கரை சொல்லுது" என்றார். "யானை ரெண்டு கட்டம் பின்னால."

"பாத்தீங்களா, பயந்துட்டாங்க" என்றாள் மரகதம்.

அன்றிலிருந்து அவருக்கு இரண்டு ஆட்டம். அக்கரையில் இக்கரைக்காக ஆடுவதும் அவர்தான். இக்கரையில் அக்கரைக்காக ஆடுவதும் அவர்தான். காலையில் ஒரு பொய், மாலையில் ஒரு பொய். நடுவில் திட்டும் கூழாங்கல்லும்.

ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டார். மூன்று பேரும் வைத்த ஜன்னல் வீண் என்று காட்ட வேண்டும். அதற்காக, இக்கரைப் பலகையில் தன் முழுத் திறமையையும் போட்டு அவர்களைத் தாக்கினார். ராணியை இறக்கினார். ராஜாவை மூலைக்கு விரட்டினார்.

ராஜா அந்த ஜன்னல் வழியாக மெதுவாக வெளியே வந்து நின்றுகொண்டார்.

மரகதம் சிரித்தாள். "அக்கரைக்காரங்களுக்கு இந்த வருஷம் என்ன ஆச்சு? நம்ம தபால்காரர் மாதிரியே அவசரப்படறாங்க."

பெரியண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். ஓதுவார் மட்டும் சிரிக்கவில்லை. அங்கமுத்து இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

மறுநாள் அவர்கள் அந்த ராணியையே மடக்கிப் பிடித்துவிட்டார்கள்.

அக்கரையில் நிலைமை வேறு. வெட்டப் போன குதிரை மூலையில் மாட்டிக்கொண்டது. அதை வெளியே எடுக்க இரண்டு நாள் போயிற்று. அதற்குள் சாமி தன் மந்திரியைக் குறுக்கு வரிசையில் கொண்டுவந்து வைத்தார். மறுநாள்தான் அங்கமுத்து நம் ராஜாவைப் பார்த்தார். பின்னாடி சுவர். முன்னாடி மூன்று சிப்பாய்.

"இக்கரை சொல்லுது" என்றார். "ராஜாவுக்கு முன்னால நிக்கற சிப்பாய், ஒரு கட்டம்."

சாமி பொக்கை வாய் தெரியச் சிரித்தார். "அட, இதை மூணு நாள் முன்னாடி சொல்லியிருந்தா என் தூக்கமே போயிருக்குமே! இப்போ அந்த ஜன்னலுக்கு வெளிய என் மந்திரி நிக்கறாரு, பாத்தியா?"

பார்த்தார்.

அன்று மாலை சாமி தன் ராணியை யானைக்குப் பின்னால் நிறுத்தினார். "இன்னும் ரெண்டு நாள், மூணு நாள். நாகம்மாவை ஒரு கம்பளி எடுத்து வைக்கச் சொல்லு. இங்க குளிரும்."

அங்கமுத்து திட்டில் இறங்கவில்லை. சொல்வதற்கு அவரிடம் பதில் ஒன்றும் தயாராக இல்லை. கரைக்கு வந்ததும் மற்றவர்களைப் பார்க்காமல் அம்மாவிடம் போனார். அம்மா விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை.

அம்மா திரியை எண்ணெயில் நனைத்தாள்.

"அங்க போய் என்ன சொல்லி ஆரம்பிச்சீங்க?"

"எப்பவும் போலத்தான். இக்கரை சொல்லுதுன்னு."

"இக்கரை சொல்லிச்சா?"

அவர் கீழே கிடந்த பஞ்சைப் பொறுக்கி அவள் பக்கம் வைத்தார்.

"சரி. அங்க நமக்காக ஆடினது யாரு?"

"நான்."

"இங்க அவங்களுக்காக?"

"நான்தான்."

"எதுல ஜெயிக்கறீங்க?"

"ரெண்டுலயும் தோத்துட்டிருக்கேன், அம்மா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"அடுத்து நான் என்ன செய்யட்டும்?"

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? நாலு பேர் இருக்கீங்களே."

மறுநாள் காலை அங்கமுத்து அந்த மூன்று பேர் முன்னாலும் நின்றார். இக்கரைப் பலகையில் இருந்த காய்களை எடுத்துவிட்டு, அக்கரையில் இருக்கிறபடி ஒவ்வொன்றாக அடுக்கினார். அடுக்கிக்கொண்டே சொன்னார்.

சொல்லி முடித்தார். ஓதுவார் கை நீட்டி ராஜாவைத் தேடித் தொட்டார். சுற்றிலும் தடவினார். கையை எடுத்துக்கொண்டார்.

"நாலு நாளா நான் யாரோட ஆடினேன்?" என்று மரகதம் கேட்டாள்.

"என்னோட."

"நான் புடிச்ச ராணி?"

"என்னோடதுதான்."

மரகதம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "முதல்ல போய் அக்கரையில உண்மையைச் சொல்லிட்டு வாங்க" என்றாள். அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

அவர் போய்ச் சொன்னார். சாமி தாடியைத் தடவினார்.

"அப்போ அது உன் நகர்வுதானே, அவங்களோடது இல்லையே" என்றார். "வேணும்னா திரும்ப எடுத்துக்கங்க. குதிரையைப் பழைய இடத்துல வைங்க, யானையை எனக்குக் குடுங்க, பதினோராம் நாள்லேர்ந்து ஆடுவோம். உங்க நாலு பேருக்கும் சம்மதமான்னு கேட்டுட்டு வா."

அங்கமுத்து அன்று துடுப்புப் போட்ட வேகத்தில் பரிசல் இரண்டு தரம் சுற்றியது. திரும்ப எடுத்துக்கொண்டால் அம்மா இங்கேயே இருப்பாள். மரகதத்தின் ஜன்னல் இருக்கிறது. ஜெயித்துவிடலாம். முருகா, வழி கொடுத்துவிட்டாய் என்று நினைத்தார்.

வந்ததும் சொன்னார். பெரியண்ணன் தலையைச் சொறிந்தார். "அம்மாவையே ஒரு வார்த்தை கேட்டுருவோமே" என்றார். அங்கமுத்துவே போய்க் கேட்டார்.

"இந்த ஆட்டத்துல நான் ஒரு காய், தபால்காரரே" என்றாள் அம்மா. "காயைக் கேட்டு யாராவது நகர்த்துவாங்களா?"

மறுநாள் காலை தரையில் இரண்டு கட்டம் போட்டார்கள். இடது பக்கம் என்றால் திரும்ப எடுத்துக்கொள்வது. வலது பக்கம் என்றால் இருக்கிறபடி ஆடுவது.

அங்கமுத்து இடது பக்கத்தில் கொட்டையை வைத்தார். "மரகதம், உன் நகர்வைத்தான் திரும்பக் கேக்கறேன். நீ சொன்னதுதான் சரி. அம்மாவோட இளைப்பை நினைச்சுப் பாரு."

மரகதம் அவரைப் பார்க்காமல் ஓதுவாரிடம் பேசினாள். "ஐயா, இவரை நம்ம வாயா வச்சு அனுப்பினது யாரு?"

"நாமதான்" என்றார் ஓதுவார்.

"அவர் அங்க நின்னு அங்கமுத்து சொல்றேன்னு சொல்லியிருந்தா, அது அவரோட போச்சு. இக்கரை சொல்லுதுன்னு சொல்லிட்டாரே. சொன்னப்புறம் அது நம்ம பேச்சுதானே? இன்னைக்கு இல்லேன்னுட்டா, நாளைக்கு நாம சொல்றதை அவங்க எப்படிக் கேப்பாங்க?"

கொட்டையை வலது பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு அழுதாள். ஓதுவார் தடவிப் பார்த்து அதன் பக்கத்திலேயே வைத்தார். பெரியண்ணன் தன் கொட்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"தோத்தா நாலு பேராத் தோத்துக்கலாம்" என்று சொல்லி வைத்தார்.

மூன்றுக்கு ஒன்று.

பலகையில் ராஜாவைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. நம் ராணியைக் கொடுத்து அவர்கள் யானையை வாங்குவது. ஓதுவார்தான் அதைத் தடவிக் கண்டுபிடித்தார். நான்கு கொட்டையும் அங்கே விழுந்தது.

பரிசல் ஆற்றின் நடுவுக்கு வந்தது. திட்டில் அவர் போட்ட கட்டம் இன்னும் அழியாமல் இருந்தது. கூழாங்கற்கள் வெயிலில் பளபளத்தன. 'இக்கரை சொல்லுது, திரும்ப எடுத்துக்கறோம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாமி சந்தோஷமாகக் காய்களைத் திருப்பி வைப்பார். அம்மாவுக்குக் கம்பளி தேவைப்படாது.

அவர் துடுப்பை நிறுத்தவில்லை.

"இக்கரை சொல்லுது" என்றார். செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். "இக்கரை சொல்லுது. எதையும் திரும்ப எடுத்துக்கல. ஆட்டம் நடக்கட்டும். ராணி யானையை வெட்டுது."

சாமி அவர் முகத்தைப் பார்த்தார். "நீ எந்தப் பக்கம் கொட்டை வச்சே?"

"அது செய்தியில இல்லை, சாமி."

அதற்குப் பிறகு ஒன்பது நாள் ஆடினார்கள். தினமும் காலையில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். அங்கமுத்து தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். சில நாள் ஒத்துக்கொண்டார்கள், சில நாள் ஒத்துக்கொள்ளவில்லை. மரகதம் அவருக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. ஐந்தாம் நாள் ஆற்றில் தண்ணீர் கூடி, திட்டில் இருந்த கட்டத்தை அடித்துக்கொண்டு போயிற்று.

"நடுவுல நாலு நாள் ஒத்தை ஆள் ஆடினாப்ல இருந்துச்சு. இப்பத்தான் ஒரு மடத்தோட ஆடறேன்" என்றார் சாமி.

ஒன்பதாம் நாள் மாலை ராஜாவுக்குப் போக இடம் இல்லை.

அம்மா இரண்டு புடவையும் ஒரு கம்பளியும் எடுத்துக்கொண்டாள். பெரியண்ணன் கறிவேப்பிலைக் கன்று ஒன்றை வேரோடு கொடுத்தார். ஓதுவார் துறை வரை பாடிக்கொண்டே வந்தார். மரகதம் சுக்குப் பொடியை அம்மாவின் மடியில் வைத்துக் கட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அங்கமுத்து பரிசலைத் தள்ளினார். பாதி ஆறு தாண்டியதும் கேட்டார்.

"இந்த ஒரு வருஷம் நான் என்ன செய்யணும், அம்மா?"

"தினம் ஒரு சொல் கொண்டு வாங்க."

"என்ன சொல்?"

"மரகதம் சொல்றதை."

"அவ என்கிட்ட பேசறதே இல்லையே."

"பேசட்டும்னு காத்திருங்க."

"திட்டினா?"

"திட்டையும் கொண்டு வாங்க."

மறுநாள் காலை அவர் மடப்பள்ளி வாசலில் போய் நின்றார். மரகதம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வெயில் ஏறும் வரை நின்றுவிட்டுத் திரும்பினார். அடுத்த நாளும் நின்றார். அதற்கடுத்த நாளும். பரிசல் கரையிலேயே காய்ந்தது.

ஐந்தாம் நாள், மரகதம் கரண்டியைக் கையில் பிடித்தபடியே திரும்பினாள்.

"தபால்காரருக்கு அறிவில்லைன்னு சொல்லுங்க" என்றாள். "வெந்நீர்தான் குடிக்கணும்னு சொல்லுங்க. மடப்பள்ளி ஜன்னல் திறந்தே இருக்குன்னு சொல்லுங்க. போங்க."

அக்கரைத் துறையில் அம்மா குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். அங்கமுத்து பரிசலில் இருந்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் நேராக நின்றார்.

"இக்கரை சொல்லுது" என்றார். "தபால்காரருக்கு அறிவில்லை. வெந்நீர்தான் குடிக்கணும். மடப்பள்ளி ஜன்னல் திறந்தே இருக்கு."

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள்.

"முதல் வரியை இன்னொரு தரம் சொல்லுங்க."

"தபால்காரருக்கு அறிவில்லை."

"சரியா வந்து சேர்ந்தது" என்றாள் அம்மா.